சுண்ணாம்புக் குழியின் பம்பு சார்

எங்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்ததற்குக் காரணம் கம்பெனிக்காரன் குழியில் வெடி வைத்ததுதான். கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன், கோயிலில் கேட்டாலும் சொல்வேன். பம்பு சார் கேட்டபோது மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கேட்ட கேள்வி அப்படி.

"எப்ப விழுந்துச்சுங்க அம்மணி?"

"வெடி வெச்சப்பத்தானுங்க."

"எந்த வெடிக்குங்க?"

இருபது வருஷமாகத் தினம் இரண்டு வேளை வெடித்தார்கள். அதில் எந்த வெடி என்று நான் எங்கே போய்த் தேடுவேன்? கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து, வெடிப்பின் குறுக்கே சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அன்றைய தேதியை எழுதினார். "இது கிழிஞ்சா வெடிப்பு இன்னும் விரியுதுன்னு அர்த்தமுங்க. கிழிஞ்சாச் சொல்லுங்க, கம்பெனிக்கு நானே எழுதறேன்" என்றார்.

தினமும் காலையில் எழுந்ததும் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பேன். பாழாய்ப்போனது கிழியவே இல்லை. நானே கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் கை போனது.

காரமடைக்கும் அன்னூருக்கும் நடுவில், எங்கள் தோட்டத்தை ஒட்டி இருந்தது அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். சுரங்கம் என்பதெல்லாம் கவர்மெண்ட் காகிதத்தில்தான். எங்களுக்கு அது குழி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல் தீர்ந்துபோய்க் கம்பெனி அதை மூடிவிட்டது. லாரிகள் போயின, ஆட்கள் போனார்கள், டீக்கடைகூடப் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெரிய பம்பு, அதைப் பார்த்துக்கொள்ள இவர் ஒருவர். ஊர் அவருக்குப் பம்பு சார் என்று பெயர் வைத்தது.

மூடின குழிக்கு எதற்குப் பம்பு என்று நாங்களும் கேட்டோம். அவர்தான் விளக்கினார். குழிக்குள் ஊற்று இருக்கிறது. வெடி வைக்கப் போட்ட உப்பு மருந்து பாறை இடுக்குகளில் தங்கி, ஊறுகிற தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். குழித் தண்ணீர் மேலே ஏறினால் அது சுற்றியிருக்கும் பன்னிரண்டு கிணறுகளுக்குள் கசியும். அதனால் குழியின் மட்டத்தை எப்போதும் கிணறுகளின் மட்டத்துக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். இறைத்த தண்ணீரைத் தொட்டிகளில் தேக்கி, கோரை வளர்ந்த வாய்க்காலில் சுற்றவிட்டு, தேறிய பிறகுதான் ஓடைப் பள்ளத்தில் விட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு கிணற்றிலும் தண்ணீர் பிடித்துக் கோயமுத்தூரில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அவர் வேலை இவ்வளவுதான்.

நாற்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லி. கோயமுத்தூர் கணபதியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு மேல் வருவார். டி.வி.எஸ். வண்டியின் பின்னால் மரப்பெட்டி, அதற்குள் பாட்டில்கள். மேட்டில் திரும்பும்போதே பாட்டில் சத்தம் கேட்டுவிடும். முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, அது தண்ணீரைத் தொட்டதும் நின்று முடிச்சுகளை எண்ணுவார். அப்புறம் பாட்டில். ஒவ்வொரு கிணற்றிலும் பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு நாலாவது தடவைதான் பிடிப்பார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எங்க தண்ணி என்ன அத்தன அழுக்குங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லீங்க அம்மணி. பக்கத்துக் கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் அந்தப் பழி உங்க கெணத்து மேல வந்துருமுங்க."

அப்பா ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "ஏனுங்க, எங்க தண்ணி நல்ல தண்ணிதானுங்களே?"

"பார்த்துட்டுச் சொல்றேனுங்க."

"போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு?"

"போன வாரம் நல்லா இருந்துச்சுங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மரியாதைக்காகவாவது ஆமாம் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா? எங்கள் பக்கத்தில் விருந்தாளி பொய் சொல்வது குற்றமே இல்லை. சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் 'அருமைங்க' என்றுதான் சொல்லிவிட்டு எழுந்திருப்போம். அம்மா ஒரு நாள் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். முதல் வாயிலேயே எவனும் போதும் என்று சொல்லிவிடுவான். இவர் டம்ளரைக் காலி செய்தார். யோசித்தார். "இன்னொரு கால் கரண்டி போட்டிருக்கலாமுங்க" என்றார். அம்மா உள்ளே வந்து, குடித்து முடித்த பிறகு சொல்கிற மனுஷனை என்ன செய்வது என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு வரன் பார்த்த கதையும் அப்படித்தான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளை. ஜாதகம் பொருந்திவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாரும் 'தங்கமான பையன்' என்றார்கள். தங்கம் என்று சொன்ன யாரும் அந்தப் பையனை இரண்டு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. அப்பா பேச்சுவாக்கில் பம்பு சாரிடம், "உங்க பக்கத்துப் பட்டறைதானுங்க, பையன் எப்படின்னு தெரியுமுங்களா?" என்று கேட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் பாட்டிலை எடுக்கும் முன்பே சொன்னார். "நாலு நாள் பார்த்தேனுங்க. லேத்துல நிக்கறப்பக் கண்ணாடி போட்டுக்கறாருங்க. வேலைக்காரப் பையனையும் போட்டுக்கச் சொல்றாருங்க. பொழுதோட நேரா ஊட்டுக்குப் போறாருங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தைப் பற்றி அத்தனை பேர் பேசியதில் நான் நம்பியது அந்த நாலு வரியைத்தான். வேலை முடிந்த பிறகு நாலு நாள் ஒரு மனுஷன் யாரோ ஒருத்திக்காகப் பட்டறை வாசலில் போய் நின்றிருக்கிறார். அவரிடம் நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு.

கல்யாணமாகிக் கணபதிக்குப் போனேன். இரண்டாம் வருஷம் தலைப்பிரசவத்துக்குத் தோட்டத்துக்கே வந்தேன்.

வந்து பார்த்தால் அப்பா வேறு ஆளாக இருந்தார். குழி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இறைத்த இறைப்பில் எங்கள் கிணறு தரைதட்டிக் கிடந்தது. குழியை மூடின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறியது. பாதிக் கிணறு நிறைந்த அன்றைக்கு அப்பா அதை எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். கரண்டும் ஓசி. விடுவாரா? இரண்டு ஏக்கர் நேந்திர வாழை வைத்து, கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

பம்பு சார் வந்து கயிற்றை இறக்கினார், எண்ணினார். மறுநாள் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து, கிணற்றுச் சுவரில் இறங்கி ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்குக் கீழ இறைக்காதீங்க. உங்க தண்ணி குழி மட்டத்துக்குக் கீழ போனா, குழித் தண்ணி இந்தப் பக்கம் திரும்பிருமுங்க" என்றார்.

அப்பாவுக்கு முகம் அந்தப் பெயிண்ட் நிறத்துக்கே வந்துவிட்டது. "என்ற கெணத்துல கோடு போடறதுக்கு நீங்க யாருங்க? இருவது வருசம் எங்க தண்ணியப் பூரா உறிஞ்சிப்போட்டு, இப்ப எங்களை அளந்து குடிக்கச் சொல்றீங்களா? இனித் தோட்டத்துக்குள்ள காலெடுத்து வெக்காதீங்க. போங்க!"

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். அவரும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பதினொரு தோட்டத்துக்குப் போனார், எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லையாம். போகச் சொன்னவரை நாமே கூப்பிடுவது கவுரவம் இல்லையாம். பாட்டில் சத்தம் எங்கள் வண்டித் தடத்து முனையில் ஒரு நிமிஷம் நிற்கும், அப்புறம் போய்விடும். தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அப்பா அதைக் கேட்காத மாதிரி பேப்பர் படிப்பார். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

இதற்கு நடுவில் எனக்குப் பெண் பிறந்தாள். எனக்குப் பால் போதவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்தே பால் பவுடர்தான். சும்மா சொல்லக் கூடாது, நான் சுத்தக்காரி. கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, ஒரு கொதிக்கு இரண்டு கொதியாகக் காய்ச்சி, ஆற்றித்தான் கலக்குவேன். குழந்தை கொஞ்சம் சோர்ந்து கிடந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டோம். உதடு கறுத்தாற்போல் இருந்தது. என் மாமியார் வீட்டு நிறம் என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன்.

சித்திரை மாதம். ஊரில் எல்லார் வாழை இலையும் வெயிலில் பழுத்துத் தொங்கியது. எங்கள் வாழை மட்டும் கருகருவென்று பச்சையாக நின்றது. அப்பா அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினார். "தண்ணி கெட்டுப்போயிருமின்னாரே அந்த ஆளு, கெட்ட தண்ணியிலதான் வாழை இப்படி வருதுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அப்பா அன்னூர்ச் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் பாட்டில் சத்தம் தடத்து முனையில் நின்றது. இந்த முறை போகவில்லை. சத்தம் உள்ளே வந்தது.

"ஏனுங்க அம்மணி, உள்ள வரலாமுங்களா?" பம்பு சார் வாசலிலேயே நின்றார். கண் வாழைத் தோட்டத்தில் இருந்தது. "வாழைக்கு என்ன ஒரம் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க. இந்தத் தண்ணிக்கு ஒரமே வேண்டாமின்னு அப்பா பெருமையடிச்சுட்டுத் திரியறாரு."

அவர் முகம் செத்துப்போயிற்று. ஓடிப்போய்க் கிணற்றில் கயிற்றை இறக்கினார். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. திரும்பி வந்தபோது நான் குழந்தைக்குப் பால் புட்டியை வைத்துக்கொண்டிருந்தேன்.

"பாலு எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"கெணத்துத் தண்ணிதானுங்க. நல்லாக் காய்ச்சித்தான்..."

"அதைக் குடுக்காதீங்க அம்மணி. பெரியவங்களை ஒண்ணும் பண்ணாதுங்க, பச்சைக் குழந்தைக்கு அந்த வெடி உப்பு வெசம். காய்ச்சக் காய்ச்ச இன்னும் கெட்டியாகுமுங்க. குடுக்காதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மாதம் எட்டிப் பார்க்காத மனுஷன் இன்றைக்கு வந்து என் கைப் புட்டியைப் பிடுங்குகிறாரா? "பரிசோதனை பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கத்தினேன். "எதைக் கேட்டாலும் பார்த்துட்டுச் சொல்றேன், பார்த்துட்டுச் சொல்றேன்னு எங்க உசுர வாங்குவீங்களே, இப்பப் பார்த்தீங்களா?"

"பார்க்கலீங்க." அவர் ஒப்புக்கொண்டார். "பார்க்காமத்தான் சொல்றேன். வெடி உப்பும் ஒர உப்பும் ஒண்ணுதானுங்க, வாழை அதைக் குடிச்சு வளர்ந்திருக்குது. தப்பா இருந்தா என்னைச் செருப்பாலடிங்க. குழந்தையை வெளிச்சத்துல கொண்டாந்து ஒதட்டைப் பாருங்க."

வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெயிலில் பார்த்தேன். அது கறுப்பு இல்லை. நீலம். நகமெல்லாம் நீலம். இத்தனை நாளும் கூரைக்கடியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெற்ற தாய் நான். என்னை என்ன சொல்ல?

மரப்பெட்டியை அவிழ்த்து மண்ணில் எறிந்தார். பாட்டில் உடைகிற சத்தம் கேட்டது. அவர் வண்டியின் பின்னால் நான் குழந்தையோடு உட்கார்ந்தேன். அன்னியன் பின்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன பேசும் என்ற நினைப்பு எனக்கு ஊர் எல்லை தாண்டின பிறகுதான் வந்தது. காரமடை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கார் வைத்துக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கே குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் வந்த ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பம்பு சார்தான் எல்லாம் சொன்னார், எந்த உப்பு, எப்படி வந்தது, எத்தனை நாளாக இருக்கலாம் என்று. சந்தேகத்தை அவரே எடுத்துக் கொடுத்ததால்தான் உடனே மருந்து ஏற்ற முடிந்தது என்றார் டாக்டர். விடியும்போது குழந்தையின் உதடு சிவந்தது. பசி என்று வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் வீறிட்டு அழுதேன்.

குழந்தையோடு நான் கணபதிக்கே போய்விடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் பிடிவாதமாக, ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்த அப்பாவோடு தோட்டத்துக்கு வந்தேன். அப்பாவைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷன் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை. நாங்கள் அங்கிருந்த அத்தனை நாளும் பம்பு சார் கணபதிக் குழாய்த் தண்ணீரைக் கேனில் பிடித்து வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

பம்பு சார் மறுநாள் வந்து பிடித்துப்போன தண்ணீருக்குப் பத்து நாள் கழித்துச் சோதனைக் காகிதம் வந்தது. கிணற்றில் உப்பு ஏகத்துக்கு இருந்தது. அப்பா குனிந்த தலையோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பம்பு சார் திட்டவில்லை. "என்ற தப்புங்க" என்றார். "மட்டம் பார்க்கறது என்ற வேலை. நீங்க கோவிச்சுட்டீங்கன்னு ஒரு மாசம் பார்க்காம உட்டுட்டேன். மரியாதை பார்த்திருக்கக் கூடாதுங்க. தடத்துல நின்னு நின்னு போனனே, உள்ள வந்திருக்கோணும்."

அப்பா எழுந்து போய் மோட்டார் ரூமில் ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். வாழை அந்த வெயிலிலேயே காய்ந்து விழுந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

கம்பெனி மேலாளர், குழித் தண்ணீர் என்று எழுத வேண்டாம், தோட்டத்து உரம் என்று எழுதிவிடுங்கள் என்று பம்பு சாரிடம் சொன்னாராம். 'உரம் போடவில்லை. கேட்டேன், பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வேலை போய்விடும் என்று நாங்கள் பயந்தோம். போகவில்லை. அதற்கடுத்த மாதம் இன்னொரு பம்பு வந்து இறங்கியது. மற்றப் பதினொரு கிணற்றிலும் கோடு போட அவர் இறங்கினபோது, மேலே நின்று பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது எங்கள் அப்பா. "ஏன்டா முறைக்கறே, அவரு சொல்றதைக் கேளு" என்று பதினொரு தோட்டத்திலும் சண்டை பிடித்தார்.

தை பிறந்த பிறகுதான் பம்பு சார் எங்கள் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொன்னார். அந்த மாதமே குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் முடியெடுத்து, தோட்டத்துப் பந்தலில் காது குத்து வைத்தோம்.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அந்த மாதிரிச் சமயத்தில் பங்காளி வீட்டுப் பையன் யாராவது உட்காருவான். பெரியப்பா மகன் புது வேட்டி கட்டிக்கொண்டு தயாராகத்தான் இருந்தான். ஆசாரி வந்துவிட்டார். மாமனைக் கூப்பிடுங்க என்றார்கள்.

அப்பா பந்தலைத் தாண்டிப் போனார். கடைசி வரிசையில் தன் சம்சாரத்தோடு உட்கார்ந்திருந்த பம்பு சாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"எனக்கு உங்க முறையெல்லாம் தெரியாதுங்க" என்று அவர் திணறினார்.

"எங்களுக்குத் தெரியுமுங்க. உக்காருங்க."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். "ஏன்டா, பங்காளி ஊட்டுல ஆம்பளப் பையன் இல்லாமயா போயிட்டான்? வேதக்காரரு, அன்னியரு..."

அப்பா அதுவரைக்கும் யாரிடமும் தான் தப்பு செய்ததாகச் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை, அம்மாவிடமும் சொன்னதில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் நின்று, சத்தமாகத்தான் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்கு நான் என்ற கையாலயே வெசத்தை இறைச்சுக் குடுத்துட்டிருந்தப்ப எந்தப் பங்காளியும் வந்து நிறுத்துலீங்ண்ணா. தொரத்தியுட்டவருதான் உள்ள வந்தாரு."

பெரியப்பா உட்கார்ந்தார். பம்பு சார் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் குனிந்து குழந்தையை அவர் மடியில் வைத்தேன். அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்ண்ணா" என்றேன்.

அதுவரைக்கும் அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.